ஏழு வயசுப் பிள்ளைக்கு எய்ட்ஸ் பற்றி எப்படிச் சொல்லுறது?

கேள்வி (கொக்குவில்): டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினப் பதாகையைப் பாத்துப் பிள்ளை கேட்டால் எவ்வளவு சொல்லலாம்? பயப்படுத்தவும் கூடாது, பொய்யும் கூடாது.

பதில் 1: முதல்ல "நீ என்ன கேள்விப்பட்டனீ?" எண்டு கேளுங்கோ. பிழையான எண்ணம் அதிலதான் வெளிய வரும். பிறகு மூண்டு வசனம் போதும்: "எச்.ஐ.வி. ஒரு கிருமி. நோயோட சண்டை பிடிக்கிற வெள்ளைக் கலங்களை அழிக்கும். தினமும் குளிசை போட்டால் அடங்கிக் கிடக்கும்." மருந்தில்லாமல் விட்டால் வாற கடைசிக் கட்டம்தான் எய்ட்ஸ். "கெட்ட ஆக்களுக்கு வாறது" எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. வகுப்பில ஒரு பிள்ளையை ஒதுக்கிறது அந்த வசனத்திலதான் தொடங்கும்.

பதில் 2: நுளம்பாலயோ, கட்டிப்பிடிக்கிறதாலயோ, ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிக்கிறதாலயோ தொற்றாது. தெருவில ஊசி கிடந்தால் தொடாமல் பெரியாக்களைக் கூப்பிடப் பழக்குங்கோ. குத்திப்போட்டால் ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, பிதுக்கக் கூடாது. உடன ஆஸ்பத்திரி, தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும்.

பதில் 3: "எப்படித் தொற்றும்?" எண்டால்: "இரத்தத்தால, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு. பெரியாக்களுக்கிடையில வேற வழியும் இருக்கு, நீ வளர வளரச் சொல்லுறன்." அது பொய்யில்லை. தாய்க்கு மருந்து குடுத்தால் பிள்ளையைக் காப்பாத்தலாம் எண்டதையும் சொல்லுங்கோ. தாய்-சேய் தொற்றை ஒழிச்சதுக்கு 2019இல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது.