ரெவிட் ஃபேமிலி: ஒரே பெயரில் நாலு கதவு, எதை வைத்துக்கொள்வது?

வரைவுமேசை:
வணக்கம். சிங்கப்பூர் உபியில் ஒரு சின்ன கட்டடக்கலை அலுவலகத்தில் பிம் வேலை, அதாவது கட்டடத்தைக் கணினியில் விவரங்களோடு மாடலாக உருவாக்குவது. மென்பொருள் ரெவிட் 2024. இங்கே ஒவ்வொரு ப்ராஜெக்ட் முடிந்ததும் அதன் கதவு, ஜன்னல் ஃபேமிலிகளை (மாடலில் திரும்பத் திரும்ப வைக்கும் பொருள்களின் கோப்புகளை) ப்ராஜெக்ட் பெயரிலேயே சர்வரில் போட்டு வைப்பது வழக்கம். இப்போது ‘கதவு_ஒற்றை’ என்ற பெயரில் நாலு ஃபோல்டரில் நாலு கோப்பு, உள்ளே ஒவ்வொன்றும் வேறு. போன வாரம் தோ பாயோ காண்டோ மாடலில் ஒருவர் வேறு ஃபோல்டரிலிருந்து அதை லோட் செய்ததும், முன்பே வைத்திருந்த கதவுகளின் ஃப்ரேம் மாறி, அட்டவணையில் தீ தாங்கும் நேரம் காலியாகிவிட்டது. உடனே கவனித்ததால் அண்டூ செய்து மீட்டோம். ஃபோல்டர்களை எப்படி அடுக்கினால் இது நிற்கும்?

தெம்பனிஸ்காரர்:
தம்பி, ஃபோல்டரை மட்டும் அடுக்கினால் நிற்காது. ரெவிட் ஃபோல்டரைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கும். அதே வகையில் அதே பெயர் என்றால் அதே ஃபேமிலி. ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா என்று ஒரு பெட்டி வரும், அவசரத்தில் படிக்காமலே தட்டிவிடுவோம். அதில் இரண்டாவது வழியைத் தேர்ந்தால் டைப்புகளின் (ஒரு ஃபேமிலிக்குள் இருக்கும் அளவு வகைகளின்) பேராமீட்டர் மதிப்புகளும், அதாவது அகலம், தீ தாங்கும் நேரம் போன்ற விவரங்களும் சேர்ந்து போகும்.

ஆகவே ப்ராஜெக்ட் வாரியாக வைப்பதை விட்டுவிடுங்கள். கதவு, ஜன்னல், சானிட்டரி என்று வகை வாரியாக ஒரே நூலகம், ஒரு பொருளுக்கு ஒரே கோப்பு. ‘கதவு_ஒற்றை_மரம்’, ‘கதவு_ஒற்றை_தீத்தடுப்பு’, ‘கதவு_பாம்ஷெல்டர்’ (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறைக்கானது) என்று பெயரிலேயே வேறுபாடு தெரியட்டும். அளவு கோப்புப் பெயரில் வேண்டாம், டைப்பில் இருக்கட்டும். அங்கேயும் வெறும் ‘900’ போதாது. அது கதவுப் பலகையின் அகலமா, சுவரில் விட்ட திறப்பா, ஆள் நுழையும் தெளிவான அகலமா? மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதியில் கேட்கும் 850 மி.மீ. தெளிவான அகலம், பலகையின் அகலம் இல்லை. தெளிவான அகலத்துக்குத் தனி பேராமீட்டர் வையுங்கள்.

உபிக்காரி:
தெம்பனிஸ் அண்ணன் சொன்னது சரி. அந்தத் தீ தாங்கும் நேரம் காலியானதற்குக் காரணம் பெரும்பாலும் ஷேர்டு பேராமீட்டர், அதாவது பல ஃபேமிலிகளும் ப்ராஜெக்ட்களும் பொதுவாகப் பயன்படுத்தும் பேராமீட்டர். ஒரே பெயரில் இரண்டு பேர் தனித்தனியாக உருவாக்கினால் உள்ளே அடையாள எண் வேறாகிவிடும், ரெவிட்டுக்கு அவை இரண்டு வேறு பேராமீட்டர்கள். அலுவலகம் முழுக்க ஒரே ஷேர்டு பேராமீட்டர் கோப்பு இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தொடங்கிய கோரெநெட் எக்ஸ்-க்கு (கட்டட அனுமதிக்காக அரசுக்கு மாடல் அனுப்பும் இணையத்தளம்) மாடல் அனுப்பப்போகிறீர்கள் என்றால், அதற்கென ரெவிட்டுக்குக் கொடுத்திருக்கும் ஐஎஃப்சி எஸ்ஜி (அந்தத் தளம் கேட்கும் தரவு வடிவம்) பேராமீட்டர் கோப்பையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2024-இல் திறந்து சேமித்த ஃபேமிலியை 2022-இல் திறக்கவே முடியாது. பழைய பதிப்பில் இன்னும் ப்ராஜெக்ட் ஓடினால் மூலக்கோப்பு அந்தப் பழைய பதிப்பிலேயே இருக்கட்டும். லோட் செய்யும்போது புதிய பதிப்பு அதைத் தானே மேம்படுத்திக்கொள்ளும், கோப்பு மாறாது. பெயரின் கடைசியில் 0001, 0002 என்று தொங்குபவை பேக்கப், நூலகத்திலிருந்து அழித்துவிடலாம்.

வரைவுமேசை:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. நாலில் எதை வைத்துக்கொள்வது? சுவர், தரை டைப்புகளையும் இதே நூலகத்தில் போடலாமா?

தெம்பனிஸ்காரர்:
சர்வரில் இருப்பதை நம்பாதீர்கள். மாடலுக்குள்ளேயே திருத்தி, வெளியே சேமிக்காமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு மாடலிலும் சேவ் ஆஸ் போய், லைப்ரரி, ஃபேமிலி என்று தேர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரு தற்காலிக ஃபோல்டரில் வந்துவிடும். அவற்றைத் திறந்து ஒப்பிட்டு, பேராமீட்டர் ஒழுங்காக உள்ளதை எடுங்கள். சுவரும் தரையும் சிஸ்டம் ஃபேமிலி, தனிக்கோப்பாகச் சேமிக்க முடியாது. அவற்றுக்கென்று ஒரு ரெவிட் ப்ராஜெக்ட் கோப்பு வைத்து, அங்கிருந்து காப்பி செய்யுங்கள்.

உபிக்காரி:
நூலக ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ போதும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். இதை ஐடி ஆளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். திருத்த உரிமை எல்லாரிடமும் இருந்தால் ஐந்தாவது கதவு தானாக வந்து சேரும்.