டிரோன் வரைபடத்தில் நிலத்தின் நடுப்பகுதி உயர்ந்து தெரிகிறது: உதவி தேவை

துவாஸ்வாசி:
வணக்கம். துவாஸில் கடலை நிரப்பி உருவாக்கிய நிலத்தில் மண் குவியல்களின் கன அளவைக் கணக்கிட வேண்டும். அனுமதி பெற்று 60 மீட்டர் உயரத்தில் டிரோனைப் பறக்கவிட்டோம். கேமரா நேர் கீழ்நோக்கியே இருந்தது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று 80 விழுக்காடு பொருந்துகின்றன. நான்கு மூலைகளில் படத்தில் தெரியும்படி குறிப்பலகை வைத்து, சைரென்ட் (சிங்கப்பூரின் செயற்கைக்கோள் இடமறி திருத்த வலையமைப்பு) இணைப்புள்ள ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடமறி) கருவியால் அளந்தோம். மென்பொருளில் சிங்கப்பூரின் ஆயத்தொலைவு முறையான எஸ்விஒய்21 தேர்ந்தெடுத்திருக்கிறோம். கிடைமட்டத்தில் எல்லாம் சரி. உயரம் மட்டும் லெவலிங் (மட்டக்கருவியால் தரையில் உயரம் அளக்கும் முறை) கணக்கைவிட எங்கும் ஏறத்தாழ 6 மீட்டர் கூடுதல்; நடுவில் அதற்கு மேலும் 20 சென்டிமீட்டர். 6 மீட்டரைக் கழித்துக் கொடுத்துவிடலாமா?

மட்டப்பலகை:
வேண்டாம் நண்பரே. இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. எஸ்விஒய்21 கிடைமட்ட ஆயத்தொலைவுகளுக்கானது. அதைத் தேர்ந்தெடுத்ததால் உயரம் தானாக மாறிவிடாது. உங்கள் கருவி தந்தது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமிக்கென வகுத்த கணித வடிவப் பரப்பிலிருந்து அளந்த உயரம். லெவலிங் செய்தவர்கள் பயன்படுத்தியது சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய சிங்கப்பூர் உயர அடிப்படை. இந்த இரண்டு உயரங்களுக்கும் உள்ள இடைவெளி தீவு முழுவதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை இடத்துக்கு இடம் தரும் எஸ்ஜியாய்டு09 மாதிரியைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் மாற்றியபின் மறுபடி கணக்கிடுங்கள்.

நடுவில் உள்ள 20 சென்டிமீட்டர்தான் எனக்குக் கவலை தருகிறது. தட்டையான நிலத்தை நேர் கீழாக மட்டும் படமெடுத்தால், லென்ஸ் வளைவை மென்பொருள் சற்றே தவறாகக் கணிக்கும். அந்தப் பிழை முழு நிலத்தையும் குவிமாடம்போல் வளைத்துவிடும். மூலைப் புள்ளிகள் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மேலெழும்பும். ஒரு ஹெக்டேரில் சராசரியாக 10 சென்டிமீட்டர் பிழை என்றால் 1,000 கன மீட்டர் மண். அத்தனை மண்ணுக்கும் யாரோ பணம் கொடுக்க வேண்டியிருக்கும்!

கிராஞ்சி நண்பர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. நடுவிலும் உட்பகுதியிலும் குறிப்பலகைகள் வையுங்கள். முடிந்தால் கேமராவை 20, 30 பாகை சாய்த்துக் குறுக்காக இன்னொரு சுற்று பறக்கவிடுங்கள். சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென ஒதுக்கிவிடுங்கள். கணக்கில் சேர்த்த புள்ளிகளில் பிழை குறைவாகத் தெரிவது எதையும் நிரூபிக்காது.

துவாஸ்வாசி:
மிக்க நன்றி ஐயா. உயரத்தை மாற்றி, உட்புறப் புள்ளிகளும் சாய்வுப் படங்களும் சேர்த்தோம். சோதனைப் புள்ளிகளில் பிழை இப்போது 4 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. மழைநீர் தேங்கிய ஓரத்தில் மட்டும் தரை மேடுபள்ளமாகத் தெரிகிறது.

மட்டப்பலகை:
நல்ல செய்தி. நீர்ப்பரப்பில் படத்துக்குப் படம் ஒளி மாறுவதால் படங்களைப் பொருத்தப் பொதுப் புள்ளிகள் கிடைக்காது. அங்கே வரும் உயரத்தை நம்ப வேண்டாம். குட்டையின் எல்லையை வரைந்து கணக்கிலிருந்து விலக்குங்கள். கரையோர மட்டம் தேவையென்றால் கருவியோடு நடந்து அளப்பதே வழி.