ஃபைல்மேக்கர்: வாடிக்கையாளரிலிருந்து நேராக ஜாப் கார்டுக்குப் போனால் பார்ட்ஸ் வரவில்லை, உதவுங்கள்

பட்டறை_கணக்கு:
வணக்கம். சித்தப்பாவின் பைக் பட்டறைக்காக ஃபைல்மேக்கர் ப்ரோ 19 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு ஃபைல் செய்துகொண்டிருக்கிறேன். நாலு டேபிள்: வாடிக்கையாளர், வண்டி, ஜாப் கார்டு (வண்டியை வேலைக்கு விடும்போது போடும் சீட்டு), பார்ட்ஸ்.

வாடிக்கையாளர் லேஅவுட்டில், அதாவது திரைப் பக்கத்தில், ரெண்டு போர்ட்டல் (தொடர்புடைய ரெக்கார்டுகளை வரிசையாகக் காட்டும் பட்டியல்). மேலே அவருடைய வண்டிகள், கீழே அவர் பெயரில் இதுவரை போட்ட எல்லா ஜாப் கார்டும். மேல் போர்ட்டல் வழியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. வண்டியைத் தட்டினால் வண்டி, அங்கே கார்டைத் தட்டினால் கார்டு, அதற்குள் கிளட்ச் பிளேட், ஆயில், செயின் செட் என்று பார்ட்ஸ் வரிசையாக நிற்கிறது.

கீழ் போர்ட்டலில் தட்டினால் கார்டு எண், தேதி சரியாக வருகிறது. ஆனால் பார்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் "அன்ரிலேட்டட் டேபிள்" என்கிறது. அதோடு, மேலே இருக்கும் அம்பைத் தட்டினால் அடுத்து வருவது வேறு யாரோ ஒருத்தருடைய கார்டு.

குறியீட்டுக்காரன்:
மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு மாறிடுங்க ப்ரோ. நிம்மதி.

கிராஃப்_அக்கா:
அவர் கேட்டது அது இல்லையே தம்பி.
பட்டறை_கணக்கு, ரெண்டு விஷயம் சொல்லுங்க. ரிலேஷன்ஷிப் கிராஃபில் (டேபிள்களைப் பெட்டியா வச்சு கோட்டால இணைக்கிற படம்) ஜாப் கார்டுக்கு எத்தனை பெட்டி இருக்கு? கீழ் போர்ட்டல் திறக்கிற லேஅவுட்டின் லேஅவுட் செட்டப்பில் "ஷோ ரெக்கார்ட்ஸ் ஃப்ரம்" என்ற இடத்தில் எந்தப் பெட்டி இருக்கு?

பட்டறை_கணக்கு:
ரெண்டு பெட்டி அக்கா. வாடிக்கையாளரையும் ஜாப் கார்டையும் கோடு போட்டு இணைக்கப் போனேன், அதுவே புதுப் பெயர் கேட்டது, "ஜாப் கார்டு 2" என்று விட்டுவிட்டேன். லேஅவுட்டும் பழையதை டூப்ளிகேட் செய்து, ஜாப் கார்டு 2-க்கு மாற்றியதுதான்.

எக்செல்_வாத்தியார்:
வாடிக்கையாளர் – வண்டி – ஜாப் கார்டு என்று ஏற்கெனவே வழி இருக்கும்போது இன்னொரு கோடு எதற்கு? அதை அழித்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

கிராஃப்_அக்கா:
அழிக்காதீங்க. அந்தக் கோடு வேணும். பைக் கை மாறும். இன்னிக்கு முருகன் பேர்ல இருக்கிற ஸ்ப்ளெண்டரை அவர் செல்வத்துக்கு வித்துட்டா, வண்டி ரெக்கார்டில் உரிமையாளரை மாத்துவீங்க இல்லையா? அந்த நொடியே முருகன் காசு கொடுத்த பழைய கார்டெல்லாம் செல்வத்தின் கணக்குக்குக் கீழே போய் உக்காந்துடும். பாக்கி வச்சது முருகன், கேக்குறது செல்வத்தை. பட்டறை வாசல்ல சண்டைதான். அதனால ஜாப் கார்டில் வண்டி ஐடியும் இருக்கணும், அன்னிக்கு வண்டியை விட்டவரோட ஐடியும் தனியா இருக்கணும்.

இப்ப உங்க சிக்கல். ஃபைல்மேக்கர் கிராஃபில் வட்டமா கோடு போட விடாது. அதனாலதான் ரெண்டாவது பெட்டி கேட்டது. பெட்டி ரெண்டானாலும் டேபிள் ஒண்ணுதான், ரெக்கார்டும் அதேதான். ஆனா ஒரு லேஅவுட் எந்தப் பெட்டியில் நிக்குதோ, அந்தப் பெட்டியிலிருந்து போற கோடுகள் மட்டும்தான் அதுக்குத் தெரியும். உங்க பார்ட்ஸ் முதல் பெட்டியோட மட்டும்தான் இணைஞ்சிருக்கு.

டூப்ளிகேட் லேஅவுட்டைத் தூக்கிப் போடுங்க. பட்டனில் "கோ டு ரிலேட்டட் ரெக்கார்ட்" படியை (தொடர்புடைய ரெக்கார்டுக்குத் தாண்டுற கட்டளை) திறந்து, "கெட் ரிலேட்டட் ரெக்கார்ட் ஃப்ரம்" இடத்தில் ஜாப் கார்டு 2-ஐயும், "யூசிங் லேஅவுட்" இடத்தில் பழைய ஜாப் கார்டு லேஅவுட்டையும் கொடுங்க. பேர் ஒத்துப்போகலையேன்னு தோணும், ஆனா அடியில இருக்கிற டேபிள் ஒண்ணுங்கிறதால ஏத்துக்கும். எந்தெந்தக் கார்டு வரணும்னு ரெண்டாவது பெட்டி முடிவு பண்ணும், கார்டுக்குள்ள என்ன தெரியணும்னு முதல் பெட்டி முடிவு பண்ணும்.

"ஷோ ஒன்லி ரிலேட்டட் ரெக்கார்ட்ஸ்" டிக் போட்டா அடுத்தவர் கார்டு வராது. பட்டன் போர்ட்டல் வரிசைக்கு உள்ளே இருக்கணும். ஒரு இழை வெளியே நகர்ந்திருந்தாலும், எதைத் தட்டினாலும் முதல் கார்டுதான் திறக்கும்.

பட்டறை_கணக்கு:
பார்ட்ஸ் வந்துவிட்டது அக்கா! அம்பும் ஒழுங்காகிவிட்டது. ஆனால் கீழ் போர்ட்டலில் நிலுவை உள்ள கார்டு மட்டும் தெரிய ஃபில்டர் போட்டிருக்கிறேன். உள்ளே போய் அம்பைத் தட்டினால் காசு கட்டி முடித்த கார்டும் வருகிறதே?

கிராஃப்_அக்கா:
போர்ட்டல் ஃபில்டர் (11-ஆம் பதிப்பில் வந்தது) கண்ணுக்கு மட்டும்தான். கோ டு ரிலேட்டட் ரெக்கார்ட் அதைக் கண்டுக்காது, கோட்டை மட்டும்தான் பார்க்கும். ஃபில்டரை எடுத்துட்டு நிபந்தனையைக் கோட்டிலேயே வைங்க: வாடிக்கையாளர் டேபிளில் "நிலுவை" என்ற சொல்லையே விடையா தர்ற ஒரு கால்குலேஷன் ஃபீல்டு, அதை ஜாப் கார்டின் நிலை ஃபீல்டோட இணைச்சுடுங்க. ஐடி பொருத்தத்தோட இது ரெண்டாவது நிபந்தனை. இதுக்கு இன்னொரு பெட்டி வரும். அதுக்கு "ஜாப் கார்டு 3"ன்னு பேர் வைக்காம "வாடிக்கையாளர்_ஜாப்_நிலுவை"ன்னு போன வழியைப் பேரா வைங்க. ஆறு மாசம் கழிச்சு கிராஃபைத் திறக்கும்போது தெரியும்.

சேலம்_ஸ்கிரிப்ட்:
ஒன்று சேர்க்கிறேன். போக வேண்டிய ரெக்கார்ட் ஒன்றுமே இல்லாவிட்டால் இந்தப் படி நகராது. நின்ற லேஅவுட்டிலேயே நிற்கும், ஸ்கிரிப்ட் (பட்டன் ஓட்டும் படிகளின் வரிசை) மட்டும் அடுத்த படிக்குப் போய்விடும். அடுத்த படி டெலீட் என்றால், கார்டுக்குப் பதில் வாடிக்கையாளரே அழிந்துபோவார். முன்னால் ஒரு இஃப் போட்டு, தொடர்புடைய கார்டின் ஐடி காலியா என்று பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

பட்டறை_கணக்கு:
"ரத்து" பட்டனில் எனக்கு அப்படித்தான் டெலீட் இருக்கிறது. இஃப் போட்டுவிட்டு வருகிறேன். கார்டைப் பார்த்துவிட்டு, தேடி வைத்திருந்த வாடிக்கையாளர் பட்டியலுக்கு அப்படியே திரும்ப வழி உண்டா?

சேலம்_ஸ்கிரிப்ட்:
அதே படியில் "நியூ விண்டோ" தேர்ந்தெடுத்து, ஸ்டைலில் "கார்டு" கொடுங்கள் (இது ஜாப் கார்டு அல்ல, இருக்கும் விண்டோவுக்கு மேலேயே திறக்கும் விண்டோ). 16-ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. மூடினால் பின்னால் உங்கள் பட்டியல் கலையாமல் இருக்கும்.