மறு: ஆளில்லா வணிகச் சரக்கு விண்கலம் – இவ்வளவு நீளம் வேண்டுமா?

வணக்கம் அண்ணா. விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் கலத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘ஆளில்லா வணிகச் சரக்கு விண்கலம்’ என்றே வைத்துக்கொள்வோம். பொருள் விளங்குகிறதே.

விளங்குகிறதுதான். ஒரே பந்தியில் நான்கு தடவை எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

முதலில் ‘சரக்கு’. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வைப்பது சரக்குக்கறி. அக்கரையில், தமிழ்நாட்டில், அதே சொல்லைக் கேட்டால் சாராயப் போத்தல்தான் நினைவுக்கு வரும். எங்களிடம் ‘பொதி’ இருக்கிறதே! தபாலில் வருவதும் பொதி, பஸ்ஸில் ஏற்றுவதும் பொதி. ‘பொதிக்கலம்’ என்கிறேன். (‘க்’ வேண்டும். இல்லாவிட்டால் வினைத்தொகையாகிவிடும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.)

‘ஆளில்லா’ ட்ரோனுக்குப் பொருந்தும். இந்தக் கலமோ, விண்வெளி நிலையத்தோடு இணைந்ததும் வீரர்கள் கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாமான் இறக்குகிறார்கள். பிறகு வாரக்கணக்கில் அது அவர்களுக்கு ஒரு களஞ்சிய அறை. ‘ஆளில்லாக் கலத்துக்குள் ஆட்கள் நுழைந்தனர்’ என்றா எழுதுவது? தேவையான இடத்தில் மட்டும் ‘மாலுமியில்லா’ என்று சேர்த்தால் போதும்.

‘வணிக’ என்பதையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம். 1978இல் சல்யூட் 6 விண்வெளி நிலையத்துக்குப் போன சோவியத் புரோகிரஸும் பொதிக்கலமே. அது அரசின் கலம். நாசா 2008 டிசம்பரில் பொதி கொண்டுபோக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் 12 பயணங்களுக்கும் ஓர்பிட்டல் நிறுவனத்திடம் 8 பயணங்களுக்கும் ஒப்பந்தம் செய்தது. கலத்தை வாங்கவில்லை, பயணத்தை வாங்கியது. லொறியைச் சொந்தமாக வைத்திருந்தாலும் வாடகைக்குப் பிடித்தாலும் லொறி லொறிதானே?

உண்மையில் சொல் தேவைப்படுவது வேறோர் இடத்தில்: திரும்பி வரும் கலத்தையும் வராத கலத்தையும் பிரித்துச் சொல்ல. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு காஸ் சிலிண்டரும் மா மூட்டையும் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் சிலிண்டர் அடுத்த நடையில் திரும்பி வரும். 2012இல் முதன்முதலாக சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் அப்படித்தான்: ஆய்வு மாதிரிகளை ஏற்றிக்கொண்டு பாரசூட்டில் கடலில் இறங்கும். மறு ஆண்டு போன ஓர்பிட்டலின் சிக்னஸ் கலத்துக்குத் திரும்பி வரும் வேலையில்லை. நிலையத்தின் குப்பையை நிரப்பி அனுப்புவார்கள், வளிமண்டலத்தில் எரிந்துபோகும்.

முன்னதை ‘மீள்பொதிக்கலம்’ எனலாம். பின்னதற்கு ‘எரிகலம்’ என்று எழுதி வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா, “புது அடுப்போ?” என்று கேட்டார். அதை அடித்துவிட்டேன். உங்களிடம் வேறு சொல் இருக்கிறதா?