லீஃப் புரட்டப் போய் மாட்டின கதை

போன மாதம் எங்கட கந்தோரில அக்கவுண்ட்ஸ் அன்ரி ரிட்டயர் ஆனா. பிரியாவிடைக் கார்டில ஆளுக்கொரு வரி எழுத வேணும். மற்றவை எல்லாம் 'பெஸ்ட் விஷஸ்' எண்டு எழுதிப்போட்டு ரோல்ஸ் சாப்பிடப் போயிட்டினம். நான் மட்டும் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டுவம் எண்டு நினைச்சு, 'ஓல் த பெஸ்ட் ஆஸ் யூ டேர்ன் ஓவர் எ நியூ லீஃப்' எண்டு வடிவான எழுத்தில எழுதினன்.

அன்ரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசிச்சா. இன்னொருக்கா வாசிச்சா. பிறகு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "ஏன் தம்பி, 31 வருசமா நான் இஞ்ச களவே எடுத்தனான்?" எண்டு கேட்டா.

மனேஜர் சிரிச்ச சிரிப்பில எனக்கு ஒண்டுமே விளங்கேல்ல. பின்னேரம் 101 பஸ்ஸில தொங்கிக்கொண்டு போனில டிக்சனரியைத் திறந்து பாத்தன். பழைய கெட்ட பழக்கத்தை விட்டுத் திருந்தி நடக்கிறதாம்! பம்பலப்பிட்டி தாண்டும் வரைக்கும் தலை நிமித்தேல்ல. இப்பிடி வேற ஆராவது மாட்டினனீங்களோ?

*

வெள்ளவத்தையில இருந்து, டியூசன் ரீச்சர்:

தம்பி, நீர் தனி ஆள் இல்லை. 20 வருசமா ஓ.எல். பிள்ளையளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறன், வருசத்துக்கு நாலு பேராவது இதில விழுவினம். இதுக்குப் படம் கீறச் சொன்னா மாமரத்தில புது இலை துளிர்க்கிற மாதிரித்தான் கீறுவினம். அந்த லீஃப் மரத்து இலை இல்லை, கொப்பி ஒற்றை, அதாவது தாள். லீஃப் எண்டது முழு ஒற்றை, அதின்ர இரண்டு பக்கமும்தான் பேஜ். கறுத்துக் கிறுக்கின ஒற்றையைப் புரட்டி, வெள்ளை ஒற்றையில வடிவா எழுதத் தொடங்கிறது. 16ஆம் நூற்றாண்டில இருந்தே இங்கிலீஷில இந்தக் கருத்தில புழங்குது. எங்களுக்கும் புதுசில்லை. ஏடு எண்டா எழுதின பனையோலையும்தான், புத்தகத் தாளும்தான். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிற சனத்துக்கு லீஃப் ஏன் குழம்ப வேணும் எண்டு நான் வகுப்பில பேசுறனான்.

'ஓவர்' ஐ விழுங்கிறவைக்கு ஒரு வழி சொல்லிக் குடுக்கிறனான். வினாத்தாளின்ர அடியில பீ.டீ.ஓ. எண்டு இருக்கும் எல்லோ? பிளீஸ் டேர்ன் ஓவர். அதே ஓவர்தான் இதுவும். காலத்துக்குத் தக்க மாறுறது 'டேர்ன்' மட்டும்: டேர்ன்ட், ஹேஸ் டேர்ன்ட், இஸ் டேர்னிங். பத்துப் பேர் ஒண்டாத் திருந்தினாலும் 'எ நியூ லீஃப்' தான், 'நியூ லீவ்ஸ்' ஆகாது. 'மை நியூ லீஃப்', 'ஹிஸ் நியூ லீஃப்' எண்டும் எழுதாதேங்கோ.

இலக்கணம் இவ்வளவுதான். பிள்ளையள் பிழை விடுறது அதில இல்லை, ஆளைப் பாத்துச் சொல்லாததில. 'ஆஃப்டர் த அக்சிடென்ட் ஹி டேர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப் அண்ட் கேவ் அப் டிரிங்கிங்' எண்டா சரி, முந்தி என்ன குறை இருந்தது எண்டு வசனமே சொல்லுது. 'வீ மூவ்ட் டு தெஹிவளை அண்ட் டேர்ன்ட் ஓவர் எ நியூ லீஃப்' எண்டு எழுதினா பக்கத்தில சிவப்புப் பேனையால கேப்பன்: "வெள்ளவத்தையில இருக்கேக்க என்ன செய்தனீங்கள்?" வீடு மாறினது, கலியாணம் கட்டினது, ரிட்டயர் ஆனது, இதுகளுக்கெல்லாம் 'எ நியூ சாப்டர்' போதும். ஒருத்தருக்கும் கோபம் வராது.

*

கொட்டாஞ்சேனை:

கார்டோட போச்சேன்னு சந்தோசப்படு மச்சான், எனக்கு வேலையே போச்சு. கொள்ளுப்பிட்டியில ஒரு இன்டர்வியூ. பழைய கம்பெனிய ஏன் விட்டீங்கன்னு கேட்டாங்க. இந்தக் கேள்விக்குன்னே கண்ணாடி முன்னுக்கு நின்னு பாடமாக்கி வச்சிருந்தேன், 'ஐ வோண்ட் டு டேர்ன் ஓவர் எ நியூ லீஃப்'னு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. நடுவில இருந்த மேடம் பேனாவ மூடி வச்சிட்டு மெதுவா கேட்டாங்க, "அங்க ஏதாச்சும் இன்குவயரி நடந்திச்சா?"

இல்ல மேடம்னேன். அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்கன்னாங்க. சும்மா ஒரு சேஞ்சுக்குன்னேன். காச கையாண்ட வேலையான்னு கேட்டாங்க. கேஷியர்னு நான் சொன்னதும் அவங்க மூஞ்சி போன போக்க இங்க எழுத ஏலாது. 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்'னு ரெண்டு சொல்லு சொல்லியிருந்தா இன்னைக்கு ஏசி ரூம்ல இருந்திருப்பேன்.

*

மருதானை:

எங்கட எச்.ஆர். ஆள் மீட்டிங்கில 'ஸ்டாஃப் டேர்ன்ஓவர் கூடிப்போச்சு', அதாவது ஆக்கள் வேலையை விட்டுப் போறது கூடிப்போச்சு எண்டு கவலைப்பட, இவ்வளவு பேர் திருந்தினதுக்கு இந்தாள் ஏன் அழுகுது எண்டு நான் யோசிச்ச காலமும் இருக்கு.

*

புறக்கோட்டை, புடவைக் கடை:

எங்கட கடைல ஒருத்தர் சரியாச் செல்லியே மாட்டினார். பழைய கஸ்டமர், நல்லா இங்கிலீஷ் படிச்ச மனுசன். பெருநாளைக்கு முந்தி வந்து, "நானா, ஐ ஆம் டேர்னிங் ஓவர் எ நியூ லீஃப், இனிமே கடன் மிச்சம் வைக்க மாட்டேன்"ண்டார். நல்ல விசயம்தானேண்டு கடன் கொப்பில புது ஒத்தையப் புரட்டினேன். புரட்டி, பழைய ஒத்தைல நிண்ட 18,400 ரூபாவ மேல மொத வரில எழுதினேன். மனுசன்ட மொகம் கறுத்துப் போச்சு. பேரேட்டுல அப்பிடித்தானே? ஏடு மாறினாலும் பாக்கி கூடவே வரும். இங்கிலீஷ்காரன் அத மட்டும் செல்லாம உட்டுட்டான் போல.

இன்னொண்டு. கடைல நிக்கிற சிங்களப் பொடியனுக்கு இந்தக் கதையச் செல்ல, அவனுக்கு இதுல குழப்பமே இல்லையாம். அவங்கட பாஷைல 'கொளய'ண்டா மரத்து இலையும் அதுதான், எழுதுற தாளும் அதுதான். நாமதான் இலைய வாழை மரத்துலயும் ஒத்தையக் கொப்பிலயும் வச்சுக்கிட்டு முழிக்கிறோம்.

*

வத்தளை:

என் மகன் இந்த வார்த்தைய ரொம்பச் சரியா எழுதுவான், அதுதான் பிரச்சினையே. ஸ்கூலுக்கு லேட்டாப் போனதுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னாங்க. 'ஐ ப்ராமிஸ் டு டேர்ன் ஓவர் எ நியூ லீஃப்'னு எழுதிக் குடுத்தான். டீச்சர் 'வெரி குட்'னு போட்டு அனுப்புனாங்க. ரெண்டு வாரத்துல கிரிக்கெட் பார்க்க கட் அடிச்சான். அதே கடிதம், அதே வரி. அப்புறம் ஹோம்வர்க் செய்யல, மூணாவது கடிதம். அதுக்குக் கீழ டீச்சர் தமிழ்லயே எழுதியிருந்தாங்க: "தம்பியோட கொப்பியில ஒற்றை முடிஞ்சு போச்சு. புதுக் கொப்பி வாங்கிக் குடுங்க." நான் நெசமாவே கடைக்குப் போய் 120 பக்கக் கொப்பி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் வாசிச்சுச் சிரிச்ச பெறகுதான் எனக்கு வெளங்குச்சு.

*

தெஹிவளை:

எங்கட அப்பம்மாவுக்கு இங்கிலீஷே தேவைப்படேல்ல. ஆராவது திருந்திட்டினம் எண்டு கதை வந்தா, "நாய் வாலை நிமித்தேலுமோ" எண்டு வெத்திலையை மடிச்சு வாயில வச்சிடுவா. இங்கிலீஷில அதுக்குச் சிறுத்தை தன்ர புள்ளியை மாத்தாது எண்டு சொல்லுவினம், பைபிளில எரேமியா 13:23 இல இருக்கு. ரீச்சர், ஒரு கேள்வி. எனக்கு நானே இதைச் சொல்லலாமோ? ஜனவரியில இருந்து சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறன்.

*

வெள்ளவத்தை ரீச்சர் திரும்ப:

தாராளமாச் சொல்லலாம். உம்மட குறையை நீரே சொல்லிக்கொண்டா ஆருக்கு நட்டம்? மற்றவைக்குச் சொல்லேக்கதான் கவனம். ஆனா மாரியில பனிசோட குடிக்கிற தேத்தண்ணிக்கும் சீனி இல்லை எண்டாத்தான் நான் நம்புவன்.

*

கார்டு எழுதினவர்:

நேற்று அன்ரி வீட்டை போனனான். எல்லாற்ற கதையையும் வாசிச்சுக் காட்டினன், கேஷியர் இடத்தில தேத்தண்ணி புரைக்கேறிப் போச்சு. கோபம் ஒண்டும் இல்லையாம். கார்டைக் கண்ணாடி அலுமாரியில வச்சிருக்கிறா. ஒரே ஒரு கரைச்சல்தானாம்: அங்கிள் ஒவ்வொரு நாளும் காலமை பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "என்னப்பா, இண்டைக்காவது திருந்திற யோசனை இருக்கோ?" எண்டு கேக்கிறாராம்.