ஏழாம் வாய்ப்பாடு தண்ணீர்பட்ட பாடு, கணக்கில் மட்டும் பத்து

உப்புவெளி அம்மா:
மகள் தரம் 3. ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் சொல்வாள். நேற்று, "திருகோணமலை கன்னியாவில் 7 வெந்நீர்க் கிணறு. ஒவ்வொன்றிலும் 3 வாளி அள்ளினால் எத்தனை வாளி?" என்று கேட்டேன். "பத்து" என்றாள். எங்கே பிழை?

பழைய மாஸ்டர்:
வாய்ப்பாடு இன்னும் ஊறவில்லை, தங்கச்சி. நாங்கள் 12 வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம். விரல் மடித்து எண்ணுகிற பிள்ளைக்கு, எண்ணி முடிக்கும்போது கேள்வியே மறந்துபோகும். புலமைப்பரிசில் பரீட்சையில் நேரம் காத்திருக்காது.

சிப்பி டீச்சர்:
மன்னிக்க வேண்டும், மாஸ்டர். வாய்ப்பாடு தெரியும் என்றுதானே அம்மா எழுதியிருக்கிறா? பிள்ளை இரண்டு எண்ணைக் கண்டது, கூட்டிவிட்டது. 7 கிணற்றையும் 3 வாளியையும் கூட்டினால் வருவது கிணறா, வாளியா? "எத்தனை என்றால் கூட்டு" என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

1993இல் வெளிவந்த, கார்பெண்டர் என்ற கல்வி ஆய்வாளர் குழுவின் அமெரிக்க ஆய்வில், பாலர் வகுப்புப் பிள்ளைகள் 70 பேருக்கு 9 கதைக்கணக்குகள் கொடுத்தார்கள். பெருக்கல், வகுத்தலும் உண்டு. வாய்ப்பாடே படிக்காத வயது. ஏறக்குறைய பாதிப்பேர் ஒன்பதுக்கும் சரியான வழி பிடித்தார்கள். பொருளை அடுக்கி எண்ணினார்கள், அவ்வளவுதான். சரி, அதையும் சொல்ல வேண்டும்: அவர்களுடைய வகுப்பில் அந்த வருடம் முழுக்கவே கதைக்கணக்குப் பழக்கம் இருந்தது.

பழைய மாஸ்டர்:
எட்டேழு ஐம்பத்தாறையும் அடுக்கித்தான் எண்ண வேண்டுமா, டீச்சர்? "அண்ணாவிடம் தங்கச்சியைப்போல் 3 மடங்கு காசு" என்றால் எதை அடுக்குவீர்கள்?

சந்தைத் தம்பி:
எங்கட மீன் கடைக்கு என் மகன் வந்து நிற்பான். கூறுக்கு 5 மீன், 6 கூறு. 5, 10, 15 என்று தாவித்தாவி முப்பதில் நிற்பான். வாய்ப்பாடு கேட்டால் முழிப்பான்!

சிப்பி டீச்சர்:
தம்பி சொல்வதுதான் நடுப்படி. அடுக்கி எண்ணுவது, தாவி எண்ணுவது, அப்புறம்தான் மனப்பாடம். மடங்குக் கணக்கு கடினம், ஒத்துக்கொள்கிறேன். கூறு கூறாகக் கண்ணில் படாது. தங்கச்சியின் காசுக்கு ஒரு கடதாசித் துண்டு, அண்ணாவுக்கு அதே நீளத்தில் 3 துண்டு வெட்டி வைப்பேன்.

உப்புவெளி அம்மா:
இன்றைக்கு முற்றத்தில் 7 வட்டம் கீறி, ஒவ்வொன்றிலும் 3 புளியங்கொட்டை வைக்கச் சொன்னேன். நாலாவது வட்டத்தோடு நிறுத்திவிட்டாள். "இது மூவேழு இருபத்தொன்றம்மா! முதலே சொல்லியிருக்கலாமே" என்று எனக்குத்தான் ஏச்சு.

பழைய மாஸ்டர்:
பார்த்தீர்களா, வாய்ப்பாடு!

சிப்பி டீச்சர்:
நாலு வட்டத்துக்குப் பிறகு, மாஸ்டர்.