பழைய வால்வு ரேடியோ: எதை மாற்றுவது, எதை விடுவது?

ஹட்டன்_வாசி:
தாத்தா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது வாங்கிய வால்வு (கண்ணாடிக் குழாய்) ரேடியோ. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்கள் எல்லாம் வாசலில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்ட பெட்டி என்று அம்மா சொல்வார். உள்ளே ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80 என்ற வால்வுகள் இருக்கின்றன. போட்டால் பெரிய இரைச்சல், ஸ்டேஷன் லேசாகத்தான் கேட்கிறது, குரலும் கரகரப்பு. டவுனில் பார்த்தவர் வால்வு எல்லாம் போய்விட்டது, உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு புளூடூத் போர்டு வைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. மீட்டர் பிடிக்கவும் ஈயம் வைக்கவும் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பண்டாரவளை_வால்வு:
தயவுசெய்து அந்த போர்டை வைக்க விடாதீர்கள் தம்பி. ஸ்டேஷன் கொஞ்சமாவது கேட்கிறது என்றால் வால்வுகள் உயிரோடுதான் இருக்கின்றன. இந்தப் பெட்டிகளில் முதலில் கெடுவது கண்டென்சர்தான் (சார்ஜைத் தேக்கி, டிசியைத் தடுக்கும் பாகம்), அதுவும் நம் பக்கத்து மூடுபனிக்கு மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் ஈரத்தை இழுத்து லீக் ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முக்கியமானது ஈ.பி.சி. 81க்கும், ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல். 84க்கும் நடுவில் உள்ள கண்டென்சர். அது லீக் ஆனால் ஈ.எல். 84இன் கிரிட்டில் (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை, 2ஆம் பின்) பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு அளவுக்கு மேல் கரண்ட் இழுத்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும், அது எரிந்தால் பொருத்தமாக இன்னொன்று தேடுவது பெரும்பாடு. உங்கள் கரகரப்பு இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த 2ஆம் பின்னில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். காகிதக் கண்டென்சர் எல்லாவற்றுக்கும் அதே மதிப்பில் 630 வோல்ட் பாலியெஸ்டர் போடலாம், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பாருங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பவர் பக்கத்து எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர். 450 வோல்ட் போதும், ஆனால் ஏசியை டிசியாக்கும் ஈ.இசட். 80க்கு அடுத்து வருவதை 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், வால்வு தாங்காது. பழைய டப்பாவைக் கழற்றாமல் அதன் வயரை மட்டும் எடுத்துவிட்டு, புதியதை அடியில் கட்டினால் மேலே பார்க்க அப்படியே இருக்கும். அப்புறம், ஐ.எஃப். கேன்களின் (ட்யூனிங் சுருள்கள் உள்ள உலோக டப்பாக்கள்) திருகில் கையே வைக்காதீர்கள், ட்யூனிங் கலைந்துவிடும்.

நானுஓயா_மழை:
கரண்ட் கொடுக்கும் முன் சில நாள் காய்ந்த அறையில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், மெழுகு உருகிவிடும். கரண்டுக்குத் தொடராக 60 வாட் குண்டு பல்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் (எல்.இ.டி. உதவாது), எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி தப்பிக்கும். உள்ளே 250 வோல்ட் அளவில் ஓடும், நிறுத்திய பிறகும் எலக்ட்ரோலைட்டிக்கில் சார்ஜ் நிற்கும். ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். கார்பன் ரெசிஸ்டர்களையும் அளக்க வேண்டும், மதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் மாற்றுங்கள்.

ஹட்டன்_வாசி:
ரொம்ப நன்றி அண்ணே. பல்பு போட்டு அளந்தேன், 2ஆம் பின்னில் 11 வோல்ட் வருகிறது.

பண்டாரவளை_வால்வு:
நிறுத்துங்கள், இனி அப்படியே ஓட விடாதீர்கள். ஈ.எல். 84ஐக் கழற்றிவிட்டு, சாக்கெட்டில் அதே பின்னை ஒரு தடவை மட்டும் அளங்கள். வோல்ட் அப்படியே இருந்தால் கண்டென்சர், காணாமல் போனால் வால்வேதான்.